பழைய ஆர்கேட் போர்டை இன்றைய டிவியில் ஓட்டுவது எப்படி: ஜாமா முனையிலிருந்து ஹெச்.டி.எம்.ஐ. வரை

காசு போட்டு ஆடும் ஆர்கேட் பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டிலிருந்து படம் ஐந்தே வயரில் வெளியே வருகிறது: சிவப்பு, பச்சை, நீலம், சிங்க் (ஒவ்வொரு வரியும் படமும் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் துடிப்பு), கிரவுண்ட். அதை ஹெச்.டி.எம்.ஐ. டிவிக்குக் கொண்டுபோகும் வழியில் மூன்று விஷயங்கள் பொருந்தாமல் போகும். வண்ண வயர்களின் வோல்டேஜ் அதிகம். சிங்க் வயரின் வோல்டேஜும் சில நேரம் வடிவமும் வேறு. வரி அதிர்வெண் டிவி அறியாதது. கடையில் வாங்கும் கன்வெர்ட்டர் இவற்றில் மூன்றாவதை மட்டுமே பார்த்துக்கொள்ளும். முதல் இரண்டையும் நீங்கள்தான் சரிசெய்து உள்ளே அனுப்ப வேண்டும். “கன்வெர்ட்டர் மோசம்” என்று ஒதுக்கப்படும் பெட்டிகளில் பலவும் உண்மையில் அளவுக்கு மீறிய சிக்னலை விழுங்கித் தவித்தவைதான்.

போர்டு என்ன தருகிறது என்று முதலில் பாருங்கள்

1980-களிலும் 90-களிலும் வந்த போர்டுகளில் பெரும்பாலானவை 15 கிலோஹெர்ட்ஸ் வகை. அதாவது வினாடிக்குச் சுமார் 15,700 கிடைமட்ட வரிகள். பழைய குழாய் டிவியும் இதே வேகத்தில்தான் ஓடியது. ஆனால் டிவி ஒளிபரப்பில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் மாறிமாறி வரும். ஆர்கேட் போர்டு ஒவ்வொரு முறையும் அதே வரிகளின் மேலேயே வரைகிறது. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள், மலிவான கன்வெர்ட்டர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

சேகா சிஸ்டம் 24, மாடல் 2 போன்றவை 24 கிலோஹெர்ட்ஸ். 1998-இல் வந்த சேகா நவோமி 31 கிலோஹெர்ட்ஸில் வி.ஜி.ஏ. வடிவிலேயே படம் தரும். அதற்கு ஒரு சாதாரண வி.ஜி.ஏ.-ஹெச்.டி.எம்.ஐ. அடாப்டர் போதும், இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி தேவையில்லை. அதே அடாப்டரை 15 கிலோஹெர்ட்ஸ் போர்டில் மாட்டினால் ஒன்றும் தெரியாது. அது 31 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள எதையும் ஏற்பதில்லை. பிளக் பொருந்துகிறது என்பதால் சிக்னலும் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆஸ்டெராய்ட்ஸ், டெம்பெஸ்ட் போன்ற வெக்டர் விளையாட்டுகளில் வரி என்பதே கிடையாது. எலெக்ட்ரான் கற்றையை நேரடியாக இழுத்துக் கோடு வரையும் முறை அது. இங்கே சொல்லும் எந்தக் கன்வெர்ட்டரும் அதற்கு உதவாது.

வரி அதிர்வெண்ணோடு, வினாடிக்கு எத்தனை முழுப் படங்கள் வருகின்றன என்பதும் முக்கியம். பிக்சல் கடிகாரத்தை (வினாடிக்கு எத்தனை பிக்சல் என்பதை), திரையில் தெரியாத ஓர இடைவெளிகளும் சேர்ந்த ஒரு வரியின் மொத்த பிக்சலாலும் மொத்த வரிகளாலும் வகுத்தால் அது கிடைக்கும்:

- நியோ ஜியோ எம்.வி.எஸ்.: 6 மெகாஹெர்ட்ஸ், 384 பிக்சல், 264 வரி. வினாடிக்கு 59.19 படம்.
- காப்காம் சி.பி.எஸ்.-2: 8 மெகாஹெர்ட்ஸ், 512 பிக்சல், 262 வரி. 59.64 படம்.
- பேக்-மேன்: 6.144 மெகாஹெர்ட்ஸ், 384 பிக்சல், 264 வரி. 60.61 படம்.
- ஆர்-டைப்: 8 மெகாஹெர்ட்ஸ், 512 பிக்சல், 284 வரி. 55.02 படம்.
- மார்ட்டல் காம்பாட்: 8 மெகாஹெர்ட்ஸ், 506 பிக்சல், 289 வரி. 54.71 படம்.

டிவி எதிர்பார்ப்பது 59.94 அல்லது 60. முதல் மூன்றையும் பல டிவிகள் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும். கடைசி இரண்டில்தான் தகராறு. கன்வெர்ட்டர் வாங்கும் முன்பே உங்கள் போர்டு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை

- ஜாமா (பல ஆர்கேட் போர்டுகளுக்குப் பொதுவான இணைப்புத் தரம்) வயரிங் அல்லது ஒரு சூப்பர்கன். பவர் சப்ளை, கன்ட்ரோலர் இணைப்பு, வீடியோ வெளியீடு மூன்றையும் ஒரே பெட்டியில் தரும் கருவிக்குத்தான் சூப்பர்கன் என்று பெயர்.
- +5, +12, -5 வோல்ட் தரும் ஆர்கேட் ஸ்விட்சிங் பவர் சப்ளை
- மல்டிமீட்டர். ஆஸிலோஸ்கோப் இருந்தால் வேலை பாதியாகும்.
- 1 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் 3, சிங்குக்கு 470 ஓம் ரெசிஸ்டர் 1
- 220 மைக்ரோஃபாரட், 16 வோல்ட் கெப்பாசிட்டர் 3
- ஷீல்டு உள்ள மெல்லிய கோஆக்சியல் வயர், 1 மீட்டருக்குள்
- ஒலிக்கு 1 கிலோஓம், 100 ஓம் ரெசிஸ்டர்கள், 600:600 ஓம் ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று
- கன்வெர்ட்டர், தேவைப்பட்டால் வி.ஜி.ஏ.-ஹெச்.டி.எம்.ஐ. அடாப்டர்

நல்ல சூப்பர்கன்களில் வண்ண வோல்டேஜைக் குறைக்கும் சர்க்யூட் ஏற்கெனவே இருக்கும். சிலவற்றில் டி.ஹெச்.எஸ்.7374 போன்ற வீடியோ ஆம்ப்ளிஃபயர் சிப்பும் இருக்கும். அப்படியானால் ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் வேலை உங்களுக்கு இல்லை. இரண்டு முறை குறைத்தால் படம் இருண்டுவிடும்.

படி 1: ஜாமா முனையும் மின்சாரமும்

1985-இல் ஜப்பானில் வகுக்கப்பட்ட ஜாமா தரத்தில் 56 முனைகள்: பாகங்கள் இருக்கும் பக்கம் 28, சால்டர் பக்கம் 28, இடைவெளி 3.96 மில்லிமீட்டர். சால்டர் பக்கத்துக்கு எழுத்துகள்தான் வழக்கம் என்றாலும், குழப்பம் வராமலிருக்க இங்கே பாகங்கள் பக்கத்தை ‘மேல் 1’ முதல் ‘மேல் 28’ என்றும், அவற்றுக்கு நேர் பின்னால் உள்ளவற்றை ‘கீழ் 1’ முதல் ‘கீழ் 28’ என்றும் குறிப்போம்.

- 1, 2, 27, 28 (மேலும் கீழும்): கிரவுண்ட்
- 3, 4 (மேலும் கீழும்): +5 வோல்ட்
- 5 (மேலும் கீழும்): -5 வோல்ட்
- 6 (மேலும் கீழும்): +12 வோல்ட்
- 7: வெட்டு, கனெக்டரில் இங்கே ஒரு தடுப்புத் துண்டு இருக்க வேண்டும்
- மேல் 10, கீழ் 10: ஸ்பீக்கர் பிளஸ், மைனஸ்
- மேல் 12: சிவப்பு. கீழ் 12: பச்சை
- மேல் 13: நீலம். கீழ் 13: சிங்க்
- மேல் 14: வீடியோ கிரவுண்ட். மேல் 15: டெஸ்ட் ஸ்விட்ச்

7-ஆம் இடத்தின் தடுப்புத் துண்டு இல்லாத கனெக்டரைப் பயன்படுத்தவே வேண்டாம். கனெக்டரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினால் மேல் 6 இருக்க வேண்டிய இடத்தில் கீழ் 23 வந்து நிற்கும். இரு முனையிலும் கிரவுண்ட் கிரவுண்டோடுதான் சேர்கிறது, அதனால் பவர் சப்ளை எதிர்ப்புக் காட்டாது. ஆனால் இரண்டு ஆட்டக்காரர்களின் இரண்டாவது பட்டன் வழியாக 12 வோல்ட் போர்டுக்குள் நுழையும், மூன்றாவது பட்டன் வழியாக -5 வோல்ட். 5 வோல்ட் மட்டுமே தாங்கும் உள்ளீட்டு சிப்புகள் அந்தக் கணமே போய்விடும்.

1. எல்லாவற்றையும் மின்சாரம் இல்லாத நிலையில் மாட்டுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது ஜாமா கனெக்டரைக் கழற்றுவதோ மாட்டுவதோ கூடாது.
2. போர்டு இல்லாமல் பவர் சப்ளையை மட்டும் ஓட்டி, கனெக்டர் முனைகளில் +5, +12, -5 சரியான இடத்தில் வருகின்றனவா என்று பாருங்கள். சில பவர் சப்ளைகள் சுமை இல்லாமல் நிலையான வோல்டேஜ் தராது. அவற்றில் 5 வோல்டின் குறுக்கே 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை வைத்து அளக்கலாம். அந்த ரெசிஸ்டர் சுடும், கை வைக்காதீர்கள்.
3. அணைத்து, போர்டை மாட்டி, மீண்டும் ஓட்டுங்கள். இப்போது பவர் சப்ளையில் அளக்காதீர்கள். போர்டின் மேலேயே அளக்க வேண்டும். 14 கால் கொண்ட 74 வரிசை சிப் ஒன்றில் 14-ஆம் கால், 7-ஆம் கால் என்பது பொதுவாக +5, கிரவுண்ட். அங்கே 4.95 முதல் 5.10 வரை வருமாறு பவர் சப்ளையின் திருகைச் சரிசெய்யுங்கள்.

இந்த சிப்புகளுக்கு அனுமதிக்கப்பட்ட வரம்பு 4.75 முதல் 5.25. மெல்லிய வயரில் அரை வோல்ட் தாராளமாகக் காணாமல் போகும். அதனால்தான் 5 வோல்டுக்கு நான்கு முனைகள் ஒதுக்கியிருக்கிறார்கள். நான்கிலும் வயர் போடுங்கள். வோல்டேஜ் குறைந்த போர்டு தானாக ரீசெட் ஆகும், குப்பை எழுத்துகள் காட்டும். அதைப் படத்தின் கோளாறு என்று எண்ணி கன்வெர்ட்டரை நோண்டினால் ஒரு நாள் போய்விடும்.

கேபினெட்டில் ஏற்கெனவே குழாய் மானிட்டர் இருந்தால், அதன் வீடியோ கனெக்டரைப் போர்டு வயரிங் பக்கத்தில் கழற்றிக்கொண்டால் போதும். மானிட்டரின் உட்புறம் கை போகவே தேவையில்லை. அணைத்த பிறகும் குழாயில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கும்.

படி 2: வண்ண வோல்டேஜைக் குறைத்தல்

வேலையின் உயிர்நாடி இங்கேதான். டிவி உலகம் எதிர்பார்ப்பது 75 ஓம் சுமையின் மேல் 0.7 வோல்ட். ஆர்கேட் மானிட்டரின் உள்ளீடோ சுமையே இல்லாததுபோல உயர் ரெசிஸ்டன்ஸ் கொண்டது. அதற்காகப் போர்டுகள் 1 முதல் 4 வோல்ட் வரை, சில சமயம் அதற்கும் மேலே தருகின்றன. அதை அப்படியே கன்வெர்ட்டருக்குள் விட்டால் வெளிர் நிறங்கள் எல்லாம் ஒரே வெள்ளையாக வெளுத்துப்போகும். மோசமான நாளில் உள்ளீட்டு சிப் சேதமாகும்.

வயருக்குத் தொடராக வைக்க வேண்டிய ரெசிஸ்டரின் கணக்கு எளிது. போர்டின் உச்ச வோல்டேஜை 0.7-ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, 75-ஆல் பெருக்குங்கள். 1.5 வோல்ட் என்றால் 86 ஓம். 3 வோல்ட் என்றால் 246. 4 வோல்டுக்கு 354, 5 வோல்டுக்கு 461.

காகிதத்தில் வரும் இந்த எண் தொடக்கப் புள்ளிதான். போர்டின் உள்ளேயே சில நூறு ஓம் இருக்கும், ஏனெனில் பல போர்டுகளில் ரெசிஸ்டர் அடுக்கு ஒன்றுதான் நிறத்தை உருவாக்குகிறது. அந்த உள் ரெசிஸ்டன்ஸும் கணக்கில் சேரும். நீங்கள் வைப்பது அந்த அளவுக்குக் குறைய வேண்டும். ஆகவே நிலையான ரெசிஸ்டரோடு தொடங்காமல் பொட்டென்ஷியோமீட்டரோடு தொடங்குங்கள்.

1. மூன்று 1 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர்களின் நடுக்காலையும் ஒரு ஓரக்காலையும் மட்டும் பயன்படுத்தி, சிவப்பு, பச்சை, நீல வயர்களுக்குத் தொடராக வையுங்கள். மூன்றையும் அதிகபட்ச ரெசிஸ்டன்ஸுக்குத் திருப்புங்கள். 4 வோல்ட் போர்டிலும் இப்போது 0.28 வோல்ட்தான் போகும். மங்கலாக இருக்கும், ஆபத்தில்லை.
2. அதற்குப் பின் 220 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், பிளஸ் கால் போர்டைப் பார்த்து. சில போர்டுகளில் கறுப்பு நிறமே 0 வோல்டில் இல்லாமல் மேலே மிதக்கும். கெப்பாசிட்டர் அதை நீக்கும். கையில் இருக்கிறதென்று 10 மைக்ரோஃபாரட் வைக்காதீர்கள். 75 ஓமோடு சேர்ந்து அது 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதைத் தடுக்கும். விளைவு, திரையின் மேலிருந்து கீழாக வெளிச்சம் சரிந்துகொண்டே போகும்.
3. டெஸ்ட் ஸ்விட்சை அழுத்தி, வண்ணப் பட்டைகள் உள்ள சோதனைத் திரைக்குப் போங்கள். ஆஸிலோஸ்கோப் இருந்தால், கன்வெர்ட்டர் மாட்டிய நிலையில், உச்சப் பட்டை கறுப்பிலிருந்து 0.7 வோல்ட் உயரம் வருமாறு ஒவ்வொரு வண்ணத்தையும் அமையுங்கள்.
4. ஆஸிலோஸ்கோப் இல்லையென்றால் கண்தான் கருவி. ஒரு வண்ணப் பட்டையின் மிக வெளிர்ந்த இரண்டு படிகளைப் பாருங்கள். ரெசிஸ்டன்ஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். இரண்டு படிகளும் ஒன்றாகக் கலக்கும் புள்ளி வரும். அங்கிருந்து சற்றே திரும்பி, இரண்டும் மீண்டும் தனித்தனியாகத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், இந்த வேலைக்கு அதை நம்ப முடியாது.
5. அணைத்து, ஒவ்வொரு பொட்டென்ஷியோமீட்டரையும் கழற்றி அளந்து, அருகில் உள்ள மதிப்பில் 1 சதவீத மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் போடுங்கள். பல போர்டுகளை மாற்றி மாற்றி ஓட்டுபவர் மட்டும் பொட்டென்ஷியோமீட்டரை அப்படியே விடலாம்.

1981-இன் டாங்கி காங் போன்ற நிண்டெண்டோ போர்டுகளில் வண்ணமே தலைகீழ்: வெளிச்சத்துக்குக் குறைந்த வோல்டேஜ், இருட்டுக்கு அதிக வோல்டேஜ். நேராக மாட்டினால் புகைப்பட நெகடிவ் மாதிரி தெரியும். அதற்கென்று விற்கும் வீடியோ இன்வெர்ட்டர் போர்டு ஒன்றை இடையில் வைக்க வேண்டும், ரெசிஸ்டரால் தீராது.

படி 3: சிங்க்

ஜாமா சிங்க் 5 வோல்ட் அளவில் வரும், கீழ்நோக்கிய துடிப்பாக. கன்வெர்ட்டரின் எந்த வாயிலில் அதை மாட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்து நடத்தை மாறும்.

ஸ்கார்ட் (பழைய ஐரோப்பிய டிவிகளின் அகலமான வீடியோ பிளக்) வாயிலின் சிங்க் உள்ளீடு 75 ஓம். 5 வோல்டை நேராகக் கொடுத்தால் 67 மில்லியாம்ப் பாய வேண்டும். போர்டின் சிப்பால் அது முடியாது, கன்வெர்ட்டருக்கும் நல்லதல்ல. 470 ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்தால் 0.69 வோல்டாக இறங்கிவிடும். 15 கால் வி.ஜி.ஏ. வாயிலின் சிங்க் உள்ளீடு பொதுவாக 5 வோல்ட் லாஜிக்கை எதிர்பார்ப்பது. அங்கே ரெசிஸ்டர் தேவையில்லை, இருந்தாலும் கெடுதல் இல்லை. சந்தேகம் இருந்தால் 470 ஓமோடு தொடங்குவதே புத்திசாலித்தனம்.

ஜாமாவுக்கு முந்தைய சில போர்டுகள் கிடைமட்ட சிங்கையும் செங்குத்து சிங்கையும் தனித்தனி வயரில் தரும். நான்கு லாஜிக் கேட்கள் கொண்ட 74ஹெச்.சி.86 சிப் ஒன்று போதும். இரண்டு சிங்கையும் ஒரு கேட்டின் இரு உள்ளீடுகளில் கொடுங்கள். இரண்டும் ஒரே திசைத் துடிப்பாக இருந்தால், வெளியே வருவது மேல்நோக்கிய கூட்டு சிங்க். அதை அதே சிப்பின் இரண்டாவது கேட்டுக்கு அனுப்பி, அதன் மற்ற உள்ளீட்டை +5-இல் கட்டினால் கீழ்நோக்கியதாக மாறிவிடும். மீதி இரண்டு கேட்களின் உள்ளீடுகளைக் கிரவுண்டில் கட்டுங்கள், அந்தரத்தில் விடாதீர்கள்.

சிங்க் முனையும் நீல முனையும் போர்டில் முதுகோடு முதுகு ஒட்டியிருக்கின்றன. வயர்கள் ஒன்றாகப் பின்னிப் போனால், நீலம் நிறைந்த காட்சியில் மட்டும் படம் நடுங்கும். சிங்குக்குத் தனிக் கோஆக்சியல், அதன் ஷீல்டு மேல் 14-க்கு.

ஸ்கார்ட் கேபிள் பயன்படுத்தினால் இன்னொரு பொறி உண்டு. ஐரோப்பிய ஸ்கார்ட்டில் சிவப்பு 15, பச்சை 11, நீலம் 7, சிங்க் 20. அதே பிளக்கின் ஜப்பானிய வகையில் சிவப்பு 15, பச்சை 19, நீலம் 20, சிங்க் 9. வெளியே இருந்து பார்த்தால் வேறுபாடே தெரியாது. வாங்கிய கேபிளை மல்டிமீட்டரின் பீப் ஒலியில் ஒருமுறை சோதித்துவிட்டு மாட்டுங்கள்.

படி 4: கன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுத்தல்

கலவை வீடியோவை ஹெச்.டி.எம்.ஐ.-ஆக மாற்றும் மலிவுப் பெட்டிகளை முதலிலேயே விலக்கிவிடலாம். நான்கு வயரில் சுத்தமாக வந்த நிறத்தை ஒரே வயரில் அடைத்து மீண்டும் பிரிக்கிறார்கள். எழுத்தின் ஓரங்களில் நிறம் வழியும். ஸ்கார்ட்-ஹெச்.டி.எம்.ஐ. மலிவுப் பெட்டிகள் பலவும் உள்ளே கலவை வீடியோவைத்தான் படிக்கின்றன.

ஜி.பி.எஸ்.-8200 என்பது ஆர்கேட் பழுதுபார்ப்பவர்களின் பழைய துணை. 15, 24, 31 கிலோஹெர்ட்ஸ் மூன்றையும் ஏற்று வி.ஜி.ஏ. தரும். டிவிக்குப் போக மின்சாரம் எடுக்கும் வகை வி.ஜி.ஏ.-ஹெச்.டி.எம்.ஐ. அடாப்டர் ஒன்று கூடவே வேண்டும். இதன் பெரிய குறை, மேலே சொன்ன அதே வரி விவகாரம். ஆர்கேட் படத்தை ஒளிபரப்புப் படம் என்று நினைத்து, அடுத்தடுத்த இரண்டு படங்களைப் பின்னிவிடும். நிற்கும் படம் நன்றாக இருக்கும். திரை நகர்ந்தால் சீப்புப் பல் மாதிரிக் கலங்கும். கண் சிமிட்டும் எதிரிகள் சில நேரம் காணாமலே போவார்கள்.

இதே போர்டுக்கு ஜி.பி.எஸ்.-கன்ட்ரோல் என்ற திறந்த மென்பொருள் உண்டு. சால்டரிங் தெரிந்தவருக்கு இது நல்ல பேரம்:

1. ஜி.பி.எஸ். போர்டில் பி-8 என்று குறித்த இடத்தில் ஜம்பர் போட்டு, அதன் சொந்தக் கட்டுப்பாட்டு சிப்பை முடக்குங்கள்.
2. இ.எஸ்.பி.8266 கொண்ட சிறு போர்டின் டி-1 முனையை எஸ்.சி.எல்.-க்கும், டி-2 முனையை எஸ்.டி.ஏ.-வுக்கும், டி-6 முனையை வீடியோ சிப்பின் டீபக் முனைக்கும் இணையுங்கள். வயர்கள் குட்டையாக இருக்கட்டும்.
3. எஸ்.ஐ.5351 கடிகாரப் போர்டைச் சேர்த்தால் வெளியீட்டு வேகம் விளையாட்டின் வேகத்தோடு பூட்டிக்கொள்ளும். விருப்பத்தேர்வு என்று சொல்வார்கள், தவிர்க்காமல் போடுங்கள்.
4. மின்சாரம் 5 வோல்ட், 2 ஆம்ப். போர்டின் சில பதிப்புகள் 12 வரை தாங்கும், சில தாங்காது. 5 எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

அமைப்புகளை ஃபோனின் பிரவுசரிலிருந்தே மாற்றலாம். உள்ளீட்டுப் பக்கம் உள்ள மூன்று சிறு திருகுகளைப் படி 2-இல் அமைத்த ரெசிஸ்டர்களுக்குப் பதிலாகப் பயன்படுத்தும் ஆசை வரும். அவை நுணுக்கமாகச் சமன்செய்யத்தான். 4 வோல்டை அடக்க அல்ல.

ஓ.எஸ்.எஸ்.சி. வேறு இனம். மார்க்கஸ் ஹியென்காரி உருவாக்கிய இந்தக் கருவியில் படத்தைச் சேமித்து வைக்கும் நினைவகமே இல்லை. வந்த வரியை இரண்டு முதல் ஐந்து மடங்காக்கி உடனே அனுப்பிவிடும். ஒரு வரி என்பது 64 மைக்ரோவினாடி. தாமதம் சில வரிகளோடு முடிந்துவிடுகிறது. ஆனால் உள்ளே 55 வந்தால் வெளியேயும் 55 தான். டிவி ஏற்றால் இதைவிட நல்லது இல்லை, ஏற்காவிட்டால் கறுப்புத் திரை.

அந்த நிலையில் நினைவகம் உள்ள கன்வெர்ட்டர் தேவை. ரெட்ரோடிங்க்-5எக்ஸ் ப்ரோ, அதன் பிறகு வந்த 4கே வகை இரண்டும் வெளியீட்டை 60-இல் நிறுத்தி வைக்க முடியும். அதற்கான விலை: 55 படம் 60 ஆக வேண்டுமென்றால் வினாடிக்கு ஐந்து முறை ஒரு படம் இரட்டிக்கும். பக்கவாட்டில் நகரும் ஆர்-டைப்பில் அந்தத் திக்கல் கண்ணில் படும். நியோ ஜியோவில் சுமார் 1.2 வினாடிக்கு ஒருமுறை மட்டுமே. பலர் கவனிக்கவே மாட்டார்கள். டிவி ஏற்கும் வரை படவேகத்தைப் பூட்டும் முறையில் வையுங்கள், ஏற்காத விளையாட்டுக்கு மட்டும் 60-க்குப் போங்கள்.

படி 5: ஓ.எஸ்.எஸ்.சி.-யில் பிக்சலைப் பிடித்தல்

ஸ்கார்ட் என்றால் ஏ.வி.1, வி.ஜி.ஏ. பிளக் வழியாக வந்தால் ஏ.வி.3. முதலில் இரண்டு மடங்கில் தொடங்குங்கள், கிட்டத்தட்ட எல்லா டிவியும் ஏற்கும். படம் நிலையாக வந்ததும் மூன்று, நான்கு, ஐந்து என்று ஏறுங்கள். ஐந்து மடங்கில் 1080 உயரத்துக்குள் 216 வரிகளே அடங்கும். 224 வரி உள்ள விளையாட்டில் மேலும் கீழும் சேர்த்து 8 வரி வெட்டுப்படும். மதிப்பெண் ஓரத்தில் இருக்கும் விளையாட்டுகளுக்கு நான்கு மடங்கே நல்லது.

மற்றபடி கூர்மைக்கு ஒரே வழி, கட்டுரைத் தொடக்கத்தில் உள்ள பிக்சல் எண்தான். ஆப்டிமைஸ்டு முறைக்குப் போய், கிடைமட்ட சாம்பிள் எண்ணிக்கையை நியோ ஜியோவுக்கு 384, சி.பி.எஸ்.-2-க்கு 512 என்று மாற்றுங்கள். போர்டு ஒரு வரியில் உருவாக்கும் பிக்சலும் கன்வெர்ட்டர் எடுக்கும் மாதிரியும் ஒன்றுக்கு ஒன்றாகிவிடும். எண் ஒன்றிரண்டு தவறினாலும் திரையில் சீரான இடைவெளியில் செங்குத்தாக மங்கல் பட்டைகள் தெரியும். பட்டைகளின் எண்ணிக்கைதான் நீங்கள் தவறிய எண்ணிக்கை. பிறகு சாம்பிளிங் ஃபேஸை (பிக்சலுக்குள் எந்தக் கணத்தில் மாதிரி எடுப்பது என்பதை) நகர்த்தி, எழுத்துகளின் ஓர நடுக்கம் நிற்கும் இடத்தில் விடுங்கள். கடைசியாக பேக்போர்ச் (சிங்குக்கும் படத் தொடக்கத்துக்கும் இடையிலான வெற்று இடைவெளி) எண்ணை மாற்றிப் படத்தை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

படி 6: ஒலி

ஜாமாவின் மேல் 10, கீழ் 10 ஸ்பீக்கரை நேராக ஓட்டும் வெளியீடு. டிவியின் லைன் உள்ளீட்டுக்கு அது பல மடங்கு அதிகம். இன்னொரு ஆபத்து: பல போர்டுகளில் ஸ்பீக்கர் மைனஸ் என்பது கிரவுண்ட் அல்ல, ஆம்ப்ளிஃபயரின் இரண்டாவது வெளியீடு. அதை ஆடியோ ஜாக்கின் கிரவுண்டில் கட்டினால் ஆம்ப்ளிஃபயர் சிப் ஷார்ட் ஆகிச் சூடாகி இறக்கும்.

ஸ்பீக்கர் பிளஸிலிருந்து 1 கிலோஓம், அதன் மறுமுனையிலிருந்து ஸ்பீக்கர் மைனஸுக்கு 100 ஓம். அந்த 100 ஓமின் இரு முனைகளை டிரான்ஸ்ஃபார்மரின் ஒரு பக்கத்துக்குக் கொடுங்கள். மறுபக்கம் ஆடியோ ஜாக்குக்கு. 9 வோல்ட் சுமார் 0.8 ஆகிறது, கிரவுண்டும் தனியாகிறது. சி.பி.எஸ்.-2-வில் இதெல்லாம் வேண்டாம். அதன் கீழ்ப் போர்டிலேயே ஸ்டீரியோ ஆர்.சி.ஏ. ஜாக்குகள் இருக்கின்றன. ஓ.எஸ்.எஸ்.சி. பதிப்பு 1.6 முதல் ஒலியையும் ஹெச்.டி.எம்.ஐ. வழியே அனுப்பும், அதற்கு முந்தையதில் தனி ஸ்பீக்கர்தான்.

படி 7: டிவி

கேம் மோடை இயக்குங்கள். அசைவை மென்மையாக்கும் வசதி, இரைச்சல் குறைப்பு, கூர்மை உயர்த்தல் எல்லாவற்றையும் அணையுங்கள். டிவியின் படச் செயலாக்கம் மட்டுமே பல படங்கள் அளவு தாமதத்தைச் சேர்க்கக்கூடும்; ஒரு படம் 16.7 மில்லிவினாடி என்பதை நினைத்தால், கன்வெர்ட்டரில் மிச்சம்பிடித்ததை டிவியில் தொலைப்பது எவ்வளவு சுலபம் என்று புரியும். ஓவர்ஸ்கேனையும் அணையுங்கள், இல்லையெனில் ஓரங்கள் வெட்டுப்படும்.

அகல உயர விகிதத்தில் ஒன்று: சி.பி.எஸ்.-2 படம் 384-க்கு 224. கணக்குப்படி அது அகலப்படம் மாதிரித் தோன்றும், ஆனால் 4:3 குழாயில் காட்டவே வரையப்பட்டது. பிக்சலைச் சதுரமாக்கினால் வீரர்கள் எல்லோரும் உப்பிவிடுவார்கள். 4:3-க்கு அமையுங்கள்.

வராதபோது, கலங்கும்போது

டிவி “சிக்னல் இல்லை” என்றால் முதலில் கன்வெர்ட்டரின் மெனு டிவியில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் பிரச்சினை உள்ளீட்டில். சிங்க் வயரைத் தேடுங்கள். மெனுவும் தெரியாவிட்டால் டிவி அந்த வேகத்தை மறுக்கிறது. மடங்கைக் குறையுங்கள் அல்லது டிவியின் வேறு ஹெச்.டி.எம்.ஐ. வாயிலை முயலுங்கள். படம் வந்து சில நொடிகளில் மறைந்து மீண்டும் வந்தால் அதுவும் வேகப் பிரச்சினைதான், அல்லது கன்வெர்ட்டரின் மின்சாரம் போதவில்லை.

படம் உருண்டுகொண்டே போனால் செங்குத்து சிங்க் தொலைகிறது. சாய்ந்து கிழிந்தால் கிடைமட்ட சிங்க். திரையின் மேல்பகுதி மட்டும் கொடிபோல வளைந்தால், செங்குத்துத் துடிப்பின் நேரத்தில் போர்டு கிடைமட்டத் துடிப்புகளை நிறுத்திவிடுகிறது; கன்வெர்ட்டர் அந்த இடைவெளியில் தடம் தவறி, சில வரிகளில் மீள்கிறது. எல்.எம்.1881 சிப் கொண்ட சிங்க் சர்க்யூட்டை இடையில் வைத்துப் பாருங்கள். அதன் உள்ளீட்டுக்கு முன்பும் சிங்கைக் குறைத்துக் கொடுக்க வேண்டும், அதன் 5 வோல்ட் வெளியீட்டுக்குப் பின் மீண்டும் 470 ஓம் வைக்க வேண்டும்.

மெதுவாக மேலேறும் மங்கலான பட்டைகள் கிரவுண்ட் வழியாக வரும் இரைச்சல். வீடியோ கிரவுண்டைப் பவர் கிரவுண்டோடு பாதி வழியில் சேர்த்திருப்பீர்கள். மேல் 14-இலிருந்து தனி வயர் இழுங்கள். முழுப்படமும் ஒரே நிறச்சாயலில் இருந்தால் ஒரு வண்ண வயர் அறுந்திருக்கிறது: சிவப்பு போனால் நீலப்பச்சை, பச்சை போனால் ஊதா, நீலம் போனால் மஞ்சள்.

சி.பி.எஸ்.-2-வில் எழுத்தே இல்லாத வெற்று நிறத் திரை நிலையாக வந்தால் உங்கள் வயரிங் பிழையற்றது. சிங்க் போகிறது, நிறமும் போகிறது. போர்டின் பேட்டரி தீர்ந்து, அது காத்துவந்த மறையாக்கச் சாவி (விளையாட்டு நிரலைத் திறக்கும் குறியீடு) அழிந்திருக்க வாய்ப்பு அதிகம். அது வேறு பழுது.

பேக்-மேன் போன்ற நெடுக்குத்திரை விளையாட்டுகள் டிவியில் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும். போர்டைப் பொறுத்தவரை அது சரியாகத்தான் வரைகிறது. ஆர்கேட்டில் மானிட்டரையே 90 பாகை திருப்பி மாட்டியிருப்பார்கள். ஓ.எஸ்.எஸ்.சி. போல வரி வரியாக அனுப்பும் கருவியால் திருப்பவே முடியாது, ஏனெனில் திருப்பிய முதல் வரியை வரைய முழுப் படமும் கைக்கு வந்திருக்க வேண்டும். திருப்பும் வசதி உள்ள கருவியும் அதனாலேயே குறைந்தது ஒரு படத் தாமதம் சேர்க்கும். சுழலும் சுவர்த்தாங்கி ஒன்றில் டிவியையே திருப்புவது பழைய வழி, தாமதம் சேர்க்காத வழியும் அதுதான். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பது விளையாட்டுக்கு விளையாட்டு மாறும்; போர்டின் டிப் ஸ்விட்சில் படத்தைப் புரட்டும் தேர்வு பெரும்பாலும் இருக்கும் என்பதால், டிவியை வசதியான பக்கம் திருப்பிவிட்டு, படம் தலைகீழாக வந்தால் அந்த ஸ்விட்சை மாற்றிக்கொள்ளுங்கள்.